பாயிலிருந்து வாசல்வரை: வாசகர் கேள்வி பதில்

சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வளரும் மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் சொல்கிறேன். வடசென்னையில் வீடு தேடிச் சென்று பயிற்சி தரும் சிறப்புப் பயிற்றுநராக 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம் என்று சொல்லி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. உட்கார மாட்டான், பேச்சும் இல்லை, ஆனால் நாங்கள் பேசுவது அவனுக்குப் புரிகிறது. நான் காலையில் மூன்று வீடுகளில் வேலை முடித்துப் பதினொன்றரைக்குத்தான் திரும்புகிறேன். அதுவரை பாயில் படுத்திருப்பான்; மாமியார் பார்த்துக்கொள்வார். ஸ்டெம்செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள், மூன்று லட்சம் கேட்கிறார்கள். நகையை வைத்துச் செய்துவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம், அம்மா. மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம்செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், செலுத்துவது அங்கீகாரம் பெற்ற சிகிச்சை ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில இரத்த நோய்கள் போன்ற, அங்கீகரிக்கப்பட்ட ஒரு சிலவற்றைத் தவிர வேறு எதற்கும், முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் செய்வது நெறிக்குப் புறம்பானது. ஆட்டிசத்துக்கு இதைச் செய்வதற்கு எதிராகத் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழுவும் 2022இல் பரிந்துரை அளித்தது. குறைமாதப் பிறப்பாலோ, பிறக்கும்போது மூச்சுத் திணறியதாலோ, கடுமையான மஞ்சள் காமாலையாலோ வளரும் மூளையில் விழுந்த அடிதான் மூளை முடக்குவாதம். அந்த அடி நாளாக நாளாகப் பெரிதாவதில்லை. ஊசியால் ஆறுவதும் இல்லை. நாளாக நாளாகப் பெரிதாவது, கவனிக்காமல் விட்ட உடம்பில் அது உண்டாக்கும் கோளாறுகள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், "பாயில் படுத்திருப்பான்" என்ற வரி. இரவுத் தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், உங்கள் மகன் ஒரு நாளில் ஏறத்தாழ 20 மணி நேரம் படுத்தே கிடக்கிறான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் போய்வந்த வீடுகளில் பெரும்பாலும் கணக்கு இப்படித்தான் வந்தது. பெற்றவர்களுக்கு அன்பு குறைவு என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் அந்த வீடுகளில் ஒரு காலை நேரத்தைக்கூடக் கழித்திராதவர்கள். தண்ணீர் லாரி வரும் நேரமும், வேலைக்குக் கிளம்பும் நேரமும், மற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமும் ஒன்றாக வந்து ஒரே பெண்ணின் தலையில் விழும்போது, படுத்திருப்பவன் அழாமல் இருந்தால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் படுத்தே இருக்கும் பிள்ளைக்குக் கால் தசைகள் சுருங்கி இறுகிவிடும்; எடை தாங்கிப் பழகாத இடுப்பு மூட்டு மெல்ல விலகத் தொடங்கும்; சளி கட்டும்; மலச்சிக்கல் ஓயாது. கூரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வளர்ந்தவனைப் பார்த்து, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று தெருவே முடிவுகட்டிவிடும்.

அவனை நிமிர்த்தி உட்காரவைக்க விலையுயர்ந்த நாற்காலி வேண்டியதில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் அவன் முதுகைப் பொருத்தி, தோள்கள் பின்னால் சரியாதபடி இருபுறமும் தலையணை கொடுத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு பழைய புடவையை உருளையாகச் சுற்றி வைத்தால், கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொள்வது குறையும். பயிற்சி மையங்களில் கார்னர் சீட் என்று சொல்லும் மர இருக்கை இந்த மூலையின் நகல்தான். அளவு எடுத்துக் கொடுத்தால் தெருத் தச்சரே செய்துவிடுவார். உங்கள் பக்கத்தில் மெக்கானிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை: பழைய லாரி டியூப் ஒன்றை வாங்கிக் காற்றடித்து, மேலே துணி சுற்றி, நடுக்குழியில் உட்காரவைத்தும் பல பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். முதலில் பத்து நிமிடம் தாங்குவான். மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த நிலையில் எவ்வளவு நேரம் என்பதை இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் அவனை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவமனையிலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இடுப்பு மூட்டுக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்றும் அங்கேயே கேளுங்கள். எண்ணெய் போட்டு இழுத்து நீவுபவர்களிடம் மட்டும் விடாதீர்கள். நிற்காத பிள்ளையின் எலும்பு மெலிந்திருக்கும், வேகமாக இழுத்தால் முறியவும் கூடும்.

பயிற்சி என்று பெயர் வைக்காமலே நம் வீடுகளில் நடக்கும் நல்ல பயிற்சி ஒன்று உண்டு. பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்குவது, இறுகிய கால்கள் விரிவதற்கு எந்தக் கருவியையும்விட உகந்த நிலை. குழந்தையைத் தோளில் சாய்த்தும், இரு கைகளிலும் மல்லாத்தியும் தூக்கிப் பழகிய வசதியான வீட்டுத் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மாமியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை கனமானவன் என்பதால், தரையிலிருந்து எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

அதே மாமியாரிடம் மாற்றச் சொல்ல வேண்டியது ஊட்டும் முறையை. காலை நீட்டி அதன்மேல் பிள்ளையை மல்லாத்தி, தலை பின்னால் சரிந்திருக்க, பாலாடையாலோ கிண்ணத்தாலோ வாயில் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. விழுங்கும் தசைகள் சரியாக இயங்காத பிள்ளைக்கு இப்படி ஊற்றினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அடிக்கடி நெஞ்சுச் சளி, காய்ச்சல், மருத்துவமனை என்று அலையும் பல குடும்பங்களில், தொல்லையின் வேர் இந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் இருந்தது. உட்காரவைத்து, முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். தண்ணீரும் ரசமும் இவர்களுக்குக் கடினம், கெட்டியான கஞ்சியும் குழைத்த பருப்புச் சாதமும் எளிது. ஒரு வேளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அந்த அரைமணி நேரத்தை யார் தருவது என்பதுதான் உங்கள் வீட்டின் உண்மையான கேள்வி. நகையை வைக்கலாம் என்ற கணவரிடம், அதற்குப் பதிலாக இரவுச் சாப்பாட்டு வேளையைக் கேளுங்கள் என்பது என் யோசனை.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் மூலை இருக்கையையோ டியூபையோ வாசலுக்கு நகர்த்திவிடுங்கள். குடம் வைத்துக் காத்திருப்பவர்கள், கோலிக்குண்டு ஆடும் பையன்கள், கூடைக்காரம்மா, குட்டி போட்ட தெருநாய் என்று அவன் வயதுப் பிள்ளை பார்க்க வேண்டியதெல்லாம் அந்த நான்கடி சந்தில் நடந்துகொண்டிருக்கிறது. முதல் வாரம் சிலர் இரக்கப்படுவார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் பையன்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள்.

அவனுக்கு வர வேண்டியவற்றையும் கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பள்ளிக்கு வரவே இயலாத கடும் பாதிப்புள்ளவர்கள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. அருகில் உள்ள அரசுப் பள்ளியில் பெயர் பதிந்தால், வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு. மூளை முடக்குவாதம் அதில் அடங்கும். எல்லாவற்றுக்கும் முதல் தேவை மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று உங்கள் மாமியார் அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். முத்திரை விழாமலே அவன் ஏழு ஆண்டுகளாகப் பாயில் கிடந்திருக்கிறான் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் தேநீர்க் கடைக்கு எதிரே இருக்கும் வீட்டுப் பையனுக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. உடனே எல்லோரும் கடைக்கு ஓடிவந்து இரும்புச் சாவி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், புளியந்தோப்பு

பதில்: சாவியால் வலிப்பு நிற்பதில்லை, பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகவே நிற்பதால், கையில் இருந்த சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நீங்கள் செய்யக்கூடியது வேறு. பையனை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், அடுப்பையும் கொதிக்கும் பாலையும் தள்ளிவையுங்கள், வாயில் கரண்டியோ தண்ணீரோ எதையும் வைக்க விடாதீர்கள். கடையில் கடிகாரம் இருக்கும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108ஐ அழையுங்கள். "மாத்திரை தீர்ந்துவிட்டதா?" என்று அவன் தாயிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டும் பாருங்கள். நான்கு நாள் வலிப்பு வரவில்லை என்றோ, மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலி போய்விடும் என்றோ திடீரென்று மாத்திரையை நிறுத்துவதுதான் நான் பார்த்த பல வலிப்புகளுக்குக் காரணம்.

கேள்வி: ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து எங்களை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். ஐந்தாவது மாடி. என் பேரனுக்குப் பதினோரு வயது. எட்டு வயதில் அடிக்கடி விழத் தொடங்கினான். சோம்பேறி என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன். இப்போது தசைச் சிதைவு நோய் என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை. நான் தூக்கிக்கொண்டு இறங்கினேன், இப்போது எனக்கும் முழங்கால் முடியவில்லை. நான்கு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. தரைத்தளத்தில் வீடு கிடைக்குமா?
- வாசகர், சென்னையின் தெற்கு எல்லை

பதில்: ஐயா, திட்டியதை நினைத்து வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். இந்த நோயின் தொடக்கம் சோம்பல் போலவேதான் தெரியும்: குதிகால் படாமல் நடப்பது, தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஊன்றி மேலேறுவது, கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரிவதால் பையன் பலசாலி என்று எல்லோரும் நம்புவது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வரும் வகை இது. அவர்களில் பலர் பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்குள் நடக்கும் திறனை இழக்கிறார்கள். தாய்வழியாக வரக்கூடிய மரபணு மாற்றம் என்பதால் சில வீடுகளில் மருமகள்மேல் பழி விழுகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு எழுந்தால், பெரியவர் என்ற முறையில் நீங்கள்தான் அதை நிறுத்த வேண்டும். பையனுடைய தாயின் சகோதரிகளுக்கும் மகள்களுக்கும் மரபணு ஆலோசனை தேவைப்படலாம் என்பது வேறு செய்தி. அதை மருத்துவர் சொல்லட்டும்.

காலம் உங்களுக்கு எதிராக இருப்பதால், வீட்டைப் பற்றிய விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வீட்டு ஒதுக்கீட்டிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் ஐந்து விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, அடையாள அட்டையின் நகலையும், "படி ஏறக் கூடாது" என்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டையும் இணைத்து, குடியிருப்பை ஒதுக்கிய அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னதை எந்த அலுவலகமும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நகர்வு இல்லையென்றால், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்து எண்ணை வாங்குங்கள்.

தரைத்தளத்தில் இருக்கும் ஒரு குடும்பம் வீட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால் வேலை எளிதாகும். ஆனால் அந்தச் சம்மதத்தை இருவருமே அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஆணையில் பெயர் மாறிய பிறகே சாமான்களை இறக்குங்கள். பத்திரத்தாளில் இருவர் கையெழுத்திட்டு மாறிக்கொண்டவர்கள், பின்னால் ஒதுக்கீட்டு ஆணையில் இருப்பவர் யார் என்ற விசாரணை வரும்போது இரண்டு வீடுகளையும் இழக்கும் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். தரைத்தளத்துக்கும் அதற்கேயான துன்பம் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்: கார்த்திகை மழையில் கழிவுநீர்த் தொட்டி பொங்குவது முதலில் அங்கேதான். கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துவது உங்களுக்குத் தெரியாத வித்தை அன்று.

வீடு கிடைக்கும்வரை படிப்பு நிற்கக் கூடாது. நீண்ட விடுப்பு என்று சொல்லிப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க விடாதீர்கள். வீட்டிலிருந்து கற்கும் ஏற்பாட்டையும், லிஃப்ட் ஓடும் நாட்களில் பள்ளி போய்வர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உள்ள போக்குவரத்துப் படியையும் வழித்துணைப் படியையும் தலைமையாசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் 2021 முதல் அவனுக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணமில்லை. பராமரிப்பு உதவித்தொகையில் தசைச் சிதைவு நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் தசை ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தசையைக் களைக்கவைக்கும் எதுவும் இந்த நோயில் கேடு. இதயத்தையும் மூச்சையும் மருத்துவமனையில் முறையாகப் பரிசோதித்து வரச் சொல்லியிருப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. அவனுடைய அறிவு அவனுடைய கால்களோடு போய்விடவில்லை. பதினோரு வயதுப் பையன் ஐந்தாவது மாடியில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பதற்கு, படிக்கட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மாலையில் அதே மாடியில் உள்ள பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குக் கேரம் ஆட வரச் சொல்லுங்கள். அவன் கீழே இறங்க முடியாவிட்டால் அவர்கள் வரட்டும்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று வயது, அறிவு வளர்ச்சி நான்கு வயதுப் பிள்ளையைப் போல. சென்ற மாதம் பெரியவளாகிவிட்டாள். லைன் வீட்டில் எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. துணி வைத்தால் பிடுங்கி எறிகிறாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையும் இல்லை, நாளைக்கு எவனாவது ஏதாவது செய்துவிடுவான் என்ற பயமும் இல்லை என்று உறவில் ஒரு அக்கா சொல்கிறார். எது சரி?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்த அக்கா சொல்வதில் உள்ள பயம் நியாயமானது, வழி தவறானது. 1994இல் பூனாவுக்கு அருகே ஷிரூரில், அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு இதே காரணங்களைச் சொல்லிக் கர்ப்பப்பையை அகற்றியபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல், அவரைக் கருத்தரிக்க முடியாதவராக்கும் மருத்துவம் எதையும் செய்யக் கூடாது என்கிறது. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், கர்ப்பப்பையை எடுப்பது கர்ப்பத்தைத் தடுக்குமே ஒழிய, தவறாகத் தொடுபவனைத் தடுக்காது. நடந்தது வெளியே தெரியாமல் போவதற்கு அது துணையாகக்கூட ஆகிவிடும். இதைவிடக் கொடுமையாக வேறொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாதவிடாயைச் சமாளிக்க அவளுக்குக் கற்பிக்க முடியும். அவள் உடை உடுத்தவும் தட்டில் எடுத்துச் சாப்பிடவும் கற்றிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் அதே வகைப் பாடம். இரத்தம் வந்த நாளில் தொடங்காமல், வராத நாட்களில் தினமும் கொஞ்ச நேரம் நாப்கின் வைத்துப் பழக்குங்கள். அவள் பிடுங்குவது பெரும்பாலும் உறுத்தலால்தான் என்பதால், இறுக்கமான உள்ளாடையும் மெல்லிய துணியும் பாதி வேலையைச் செய்துவிடும். பொம்மைக்கு வைத்துக் காட்டுங்கள். சிவப்புக் குங்குமக் கரைசலைத் துணியில் தடவி, "இது பட்டால் மாற்ற வேண்டும்" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நாட்காட்டியில் அவளையே பொட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் ஆகலாம். விலையில்லா நாப்கின் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கிடைக்கிறதா என்று கேளுங்கள். இரத்தப்போக்கு அளவுக்கு மீறி இருந்தாலோ, வலிப்பு அந்த நாட்களில் கூடினாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், அதற்கு மருந்து உண்டு.

பாதுகாப்புக்கு வருகிறேன். எட்டுக் குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை என்பதைப் படித்ததும் எனக்கும் அந்த முற்றம் கண்முன் வந்தது. இரவில் அவள் தனியே போகக் கூடாது, வீட்டுக்குள் ஒரு மூடிபோட்ட வாளியாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் அறிந்தவரை, தவறு செய்தவன் முன்பின் தெரியாதவனாக இருந்தது குறைவு. மிட்டாய் கொடுத்துப் பழகியவனாக, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உதவிக்கு வந்தவனாக இருந்ததே மிகுதி. எனவே குளிப்பாட்டுபவரும் துணி மாற்றுபவரும் யார் யார் என்பதை எண்ணி இருவராகக் குறைத்து, மற்ற எவர் உடையைத் தொட்டாலும் கத்தச் சொல்லிப் பழக்குங்கள். "பெரியவர்கள் சொன்னால் கேட்கணும்" என்று மட்டுமே சொல்லி வளர்த்த பிள்ளைக்கு "மாட்டேன்" என்ற சொல்லைச் சொல்லித்தர நமக்குத்தான் தயக்கமாக இருக்கும். ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் எழுந்தால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி அவளுடைய வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். அவள் பேச்சைப் புரிந்துகொள்ளும் சிறப்பாசிரியரோ, அவளோடு பழகிய ஒருவரோ உடனிருந்து உதவலாம். அவளுக்குச் சொல்லத் தெரியாது என்று காவல் நிலையத்தில் யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், இந்த வரியை எடுத்துக் காட்டுங்கள்.

பகலில் அவளை வீட்டில் பூட்டிவிட்டுப் போவதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பூட்டு உங்களுக்குத் தரும் நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பேர் நடுவே பகலைக் கழிக்கும் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாராவது ஒருவருக்குத் தெரிந்துவிடும்; பூட்டிய வீட்டுக்குச் சாவி வைத்திருப்பவர்கள் யார் யார் என்பதை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பகல் நேரச் சிறப்புப் பள்ளியோ பராமரிப்பு மையமோ அருகில் எங்கே இருக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். என் தம்பிக்கு ஒன்பது வயது, காது கேட்காது. அவன் கைகாட்டிச் சொல்வது எனக்கு மட்டும்தான் புரியும். அதனால் மருத்துவமனை, கடை, திருமணம் எங்கே போனாலும் என்னை வரச் சொல்கிறார்கள். இந்தப் பருவத்தில் 19 நாள் பள்ளிக்குப் போகவில்லை. தம்பியைப் பிடிக்கும். ஆனால் எனக்கு ஆசிரியர் ஆக வேண்டும். இப்படி நினைப்பது தவறா?
- மாணவி, ராயபுரம்

பதில்: தவறே இல்லை, மகளே. உன் தம்பியைப் பொறுத்தவரை நீ ஒரு அக்கா மட்டும் அல்ல, அவனுக்கு இருக்கும் ஒரே மொழி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் பேச ஒரே ஓர் ஆள் இருப்பது உனக்கு எவ்வளவு பாரமோ, அவனுக்கும் அவ்வளவு ஆபத்து. நீ விடுதிக்கோ கல்லூரிக்கோ போகும் நாளில் அவன் ஊமையாகிவிடுவான். ஆகவே உன் படிப்புக்காக நீ கேட்பது அவனுடைய நன்மைக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் இருவருக்கும் இடையே தானாக உருவாகியிருப்பது வீட்டுச் சைகை. அது அழகானது, ஆனால் அந்த வீட்டைத் தாண்டிச் செல்லாது. இந்தியச் சைகை மொழிக்கு இலக்கணமும் அகராதியும் உண்டு. அதற்கென்றே புதுதில்லியில் 2015இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி, பயிற்சி மையம் காணொளிப் பாடங்களை இலவசமாக வெளியிடுகிறது. செவித்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளிகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. அவன் இப்போது படிக்கும் சாதாரணப் பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பலகையைப் பார்த்து எழுதுகிறானே தவிர எதுவும் புரியவில்லை என்றால், சிறப்புப் பள்ளியைப் பற்றி உன் பெற்றோர் யோசிப்பதில் குறைவு ஒன்றுமில்லை. அங்கே தன்னைப்போன்ற இருபது பிள்ளைகளோடு அவன் சண்டை போடுவான், கதை பேசுவான்.

முகாமில் கொடுத்த காது கேட்கும் கருவி பெட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். நம் ஊர் வியர்வையில் அது பழுதாவது வழக்கம். இரவில் பேட்டரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். காதில் பொருந்தும் அச்சு, பிள்ளை வளர வளரச் சிறிதாகிவிடும் என்பதால் அதைப் புதிதாக எடுக்க வேண்டும். பெட்டிக்குள் போன கருவிகளில் பாதி, அச்சு பொருந்தாமல் கீச்சிட்டதால் போனவை. செவிநரம்புக் கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்) பொருத்தும் அறுவைச் சிகிச்சையை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்திருக்கலாம். அது கடந்துவிட்டது, அதைப் பற்றி வீட்டில் இனிச் சண்டை வேண்டாம்.

உன் அம்மாவிடம் நேரடியாகச் சொல்லத் தயக்கம் என்றால் வகுப்பாசிரியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. வருகைப் பதிவேட்டில் உள்ள 19 நாட்களை அவரும் பார்த்திருப்பார். வீட்டில் இன்றிரவே ஒன்றைத் தொடங்கலாம். சாப்பிட உட்காரும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஐந்து சைகை கற்றுக்கொடு. நீ கற்றுக்கொடுக்காதே, தம்பியைக் கற்றுக்கொடுக்கச் சொல். தண்ணீர், வலி, பயம், வேண்டாம், நாளை. அப்பா தப்பாகச் செய்வார், தம்பி சிரிப்பான். அடுத்த முறை மருத்துவமனைக்கு அம்மா மட்டும் அவனோடு போகட்டும்; நீ அன்றைக்குப் பள்ளிக்குப் போ.